குலம் வினவாத் தோழமை: சிறு கலப்பின நாயின் வரலாறும் வளர்ப்பும்

தோற்றுவாய்

சில ஆண்டுகளுக்கு முன்பு, வகுப்பறையில் ‘எங்கள் வீட்டு வளர்ப்புப் பிராணி’ என்னும் தலைப்பில் மாணவர்களைப் பேசப் பணித்திருந்தேன். மாணவி ஒருத்தி தன் வீட்டுச் சிறு நாயைப் பற்றி மகிழ்ச்சி பொங்கப் பேசி முடித்தாள். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது: “அது சாதி நாயா?” அவள் சற்றுத் தயங்கி, “இல்லை, சும்மா கலப்பு நாய்தான்” என்றாள். அதுவரை அவள் குரலில் இருந்த பெருமிதம் அந்த ஒரு விடையில் மறைந்து போயிற்று.

கேட்ட மாணவன்மீது எனக்குச் சினம் எழவில்லை. நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொல்லையே அவன் எடுத்தாண்டான். பரம்பரைச் சான்றிதழ் உடைய நாயைச் ‘சாதி நாய்’ என்றும், அஃது இல்லாததைத் ‘தெரு நாய்’ என்றும் வகுத்துப் பேசுவது நம்மிடையே வேரூன்றிய வழக்கமாகும். சாதி வேற்றுமை தீது என்று மேடைதோறும் முழங்கும் நாம், அச்சொல்லை ஒரு வாயில்லாச் சீவனின் கழுத்தில் கட்டி வைத்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று மாலை, நாய்களிடையே இந்த உயர்வு தாழ்வு எப்போது புகுந்தது என்று ஆராயத் தொடங்கினேன். நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இனச் சான்றிதழோ ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு உட்பட்டது. இவ்வுண்மையை உணர்ந்தால், ஒரு சிறு கலப்பின நாயை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பேணுவது என்னும் வினாக்களுக்கும் தெளிவான விடை கிடைக்கும்.

பதினான்காயிரம் ஆண்டுப் பரிவு

1914ஆம் ஆண்டில், செருமனி நாட்டின் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில், கல்லுடைக்கும் தொழிலாளர்கள் ஒரு பழங்காலப் புதைகுழியைக் கண்டனர். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். அவர்களோடு ஒரு நாயின் எலும்புகளும் கிடந்தன. அப்புதைகுழியின் காலம் இன்றைக்கு ஏறத்தாழ 14,200 ஆண்டுகளுக்கு முந்தியது என்று பின்னர்க் கணிக்கப்பட்டது. வீட்டு நாய் என்று உறுதியாகக் கொள்ளத்தக்க மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

வியப்பு அதனோடு முடியவில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நாயின் பற்களை நுணுகி நோக்கியது. அஃது ஏழு மாதங்கூட நிரம்பாத குட்டி. டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோயால் சில வாரங்கள் அது துன்புற்றமைக்கான தடங்கள் அதன் பற்களில் பதிந்திருந்தன. அந்நோய் கண்ட குட்டிக்குக் காய்ச்சலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அதனால் தானே இரை தேடவோ நீர் அருந்தவோ இயலாது. யாரோ ஒருவர் அதற்கு நீர் புகட்டி, தூய்மைப்படுத்தி, குளிர் தாக்காமல் காத்திருந்தால் அல்லாமல் அஃது அத்தனை நாள் உயிர் பிழைத்திருக்க வழியில்லை என்பது ஆய்வாளர் முடிவு. நோயுற்ற குட்டியால் வேட்டைக்கும் பயனில்லை, காவலுக்கும் பயனில்லை. ஆயினும் அதனைப் பேணினார்கள். இறந்தபின் மனிதரோடு வைத்துப் புதைத்தார்கள்.

இன்றைய இசுரேல் நாட்டின் வடபகுதியில் உள்ள ஐன் மல்லாகாவிலும் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு புதைகுழி கண்டறியப்பட்டது. அங்கே புதைக்கப்பட்டவரின் கை ஒரு குட்டியின் உடல்மீது வைக்கப்பட்டிருந்தது. இக்குட்டிகள் எந்த இனத்தைச் சேர்ந்தவை என்று வினவுவது பொருளற்றது. இன்று நாம் இனம் என்று கூறும் பாகுபாடு அன்று தோன்றவே இல்லை.

தமிழ் மரபும் இதற்குச் சான்று பகரும். தொல்காப்பியத்தின் மரபியல், நாயின் இளமைப் பெயராகக் ‘குருளை’ என்பதைக் குறிக்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த, 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உளது. போரில் பட்ட ஒரு வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகிறது. நம் முன்னோர் அந்நாயின் பெயரைக் கல்லில் பொறித்தனர். அதன் செயலைப் பொறித்தனர். அதன் குலத்தைப் பொறித்தாரில்லை.

சான்றிதழ் பிறந்த கதை

வேட்டைக்கு ஒருவகை, மந்தை காக்க ஒருவகை, மடியில் வைத்துக் கொஞ்ச ஒருவகை என நாய்கள் தொழிலால் வேறுபட்டிருந்தமை பழங்காலந்தொட்டே உண்டு. ஆனால், தொழிலை விட்டுத் தோற்றத்தையே அளவுகோலாக்கி, பரம்பரைப் பதிவேட்டில் அடைத்து வைக்கும் முறை பிற்காலத்து இங்கிலாந்தில் பிறந்தது. 1859ஆம் ஆண்டு சூன் திங்களில் நியூகாசில் நகரில் நடைபெற்ற கண்காட்சியே முதல் முறையான நாய்க் கண்காட்சி எனப்படுகிறது. 1873இல் இலண்டனில் ‘கென்னல் கிளப்’ தோன்றியது. காதின் நீளம், வாலின் வளைவு, மயிரின் நிறம் ஆகியவற்றுக்கு விதிகள் எழுதப்பட்டன. பதிவேட்டில் உள்ள நாயை அதே பதிவேட்டில் உள்ள நாயோடு மட்டுமே இணைசேர்க்க வேண்டும் என்னும் கட்டுப்பாடும் நிலைபெற்றது. நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகவே, பரம்பரை நோய்களும் சில இனங்களில் பெருகின.

சிறு நாய் என்பது செல்வத்தின் அடையாளமாகவும் ஆயிற்று. 1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங்கில் சீனப் பேரரசரின் கோடை மாளிகையைச் சூறையாடியபோது, அங்கிருந்த பீக்கிங்கீஸ் நாய்கள் சிலவற்றையும் கைப்பற்றின. அவற்றுள் ஒன்று விக்டோரியா அரசியாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. கொள்ளைப் பொருள் என்று பொருள்படும்படி அதற்கு ‘லூட்டி’ என்றே பெயரிட்டனர்.

அதே 1860ஆம் ஆண்டில், இலண்டனின் ஆலோவே பகுதியில் மேரி டீல்பி என்னும் அம்மையார், ஆதரவற்றுத் தெருவில் திரிந்த நாய்களுக்கு ஒரு புகலிடம் அமைத்தார். மனிதர் பசித்திருக்க நாய்க்கு இல்லமா என்று செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. ஆயினும் அப்பணி நின்றுவிடவில்லை. 1871இல் பேட்டர்சிக்கு இடம்பெயர்ந்த அவ்வில்லம் இன்றும் நிலைத்திருக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே நாட்டில் நாய்க் கண்காட்சியும் நாய்ப் புகலிடமும் தோன்றியமை நாம் சிந்திக்கத்தக்கது. ஒன்று தோற்றத்தை நோக்கிப் பரிசளித்தது. மற்றொன்று துன்பத்தை நோக்கிக் கதவு திறந்தது.

இவ்வரலாற்றில் தமிழர் நெஞ்சைச் சுடும் ஒரு செய்தியும் உண்டு. உரிமையாளர் அற்றுத் திரியும் நாயைக் குறிக்க ஆங்கிலேயர் ‘பரையா நாய்’ என்னும் தொடரை வழங்கினர். தமிழ் மண்ணின் பறையர் சமூகப் பெயரைத் திரித்து, ஒதுக்கப்பட்டது என்னும் பொருளில் ஒரு விலங்குக்கு அடைமொழியாக்கிய சொல் அது. அத்தொடர் மலாயா, சிங்கப்பூர் ஆங்கிலச் செய்தித்தாள்களிலும் தாராளமாக இடம்பெற்றது. ஆகவே, ‘சாதி நாயா?’ என்னும் கேள்வி வெறும் விளையாட்டுக் கேள்வி அன்று. மனிதரைப் பிரித்த சொல்லால் நாயைப் பிரித்தோம்; நாயைப் பிரித்த சொல்லால் மீண்டும் மனிதரை இழிவுபடுத்தினோம்.

நோயும் அச்சமும்

இனமற்ற நாய் வெறுக்கப்பட்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு, அஃது அச்சம். வெறிநாய்க்கடி நோய் என்னும் ரேபிஸ், அறிகுறி தோன்றிய பின்னர் ஏறத்தாழ எப்போதும் உயிரைக் குடிக்கும் நோய். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், 1885இல் அந்நோய்க்குரிய தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்திக் காட்டும் வரை, கடிபட்டவருக்கு நம்பிக்கை இல்லை. எனவே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் இந்நோயைப் பற்றிய அச்சம் எழுந்தபோது, வாய்ப்பூட்டுச் சட்டமும் தெரு நாய்களைக் கொல்லும் நடவடிக்கையும் தொடர்ந்ததில் வியப்பில்லை.

1952இல் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் நோய் கடுமையாகப் பரவியது. நாய்களுக்குத் தடுப்பூசி போடுதல், உரிமம் வழங்குதல், தெரு நாய்களை ஒழித்தல் ஆகிய வழிகளால் அது கட்டுப்படுத்தப்பட்டது. சிங்கப்பூரில் 1953க்குப் பின் அந்நோய் காணப்படவில்லை. 1955இல் மலாயாவின் வட எல்லையில், 50 முதல் 80 கிலோமீட்டர் அகலமுள்ள நோய்த்தடுப்பு வளையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குள் இருந்த நாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஆயினும், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் நோய் மீண்டும் தலைகாட்டியது. சரவாக்கில் மனித உயிர்கள் பலவும் பலியாயின.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நாயின் கலப்பு நோயைத் தருவதில்லை. மனிதரின் கவனக்குறைவே தருகிறது. தடுப்பூசி பெற்ற கலப்பின நாய், தடுப்பூசி பெறாத உயரின நாயைவிடப் பாதுகாப்பானது.

தெருவிலிருந்து விண்ணுக்கு

சிறு கலப்பின நாயைத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சி ஒன்று உலக வரலாற்றில் உண்டு. 1950களில் சோவியத் விஞ்ஞானிகள், விண்வெளி ஆய்வுக்கென மாஸ்கோ நகரத் தெருக்களில் திரிந்த சிறு பெண் நாய்களைப் பிடித்து வந்தனர். உருவம் சிறிதாதல் வேண்டும். குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியிருத்தல் வேண்டும். அமைதியான இயல்பு வேண்டும். இத்தகுதிகள் யாவும் தெருவில் வாழ்ந்த கலப்பின நாய்களிடம் இருந்தன.

அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட லைக்கா, ஏறத்தாழ 6 கிலோகிராம் எடையே உடையது. 1957 நவம்பர் 3ஆம் நாள் ஸ்புட்னிக் 2 கலத்தில் அது விண்ணுக்கு ஏவப்பட்டது. அக்கலத்தை மீண்டும் பூமிக்குக் கொணரும் ஏற்பாடே இருக்கவில்லை. பயணத்துக்கு முன்னர் விஞ்ஞானி ஒருவர் அதனைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, தம் பிள்ளைகளோடு விளையாட விட்டார் என்பர். பல நாள் உயிரோடு இருந்ததாக உலகம் நம்பிய லைக்கா, வெப்ப மிகுதியால் சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது என்னும் உண்மை 2002இல்தான் வெளிப்பட்டது. அத்திட்டத்தில் பணியாற்றிய ஒலெக் கசென்கோ, அதற்கு முன்பே, 1998இல், தம் வருத்தத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார்.

1960 ஆகஸ்டில் சென்ற பெல்கா, ஸ்திரெல்கா என்னும் இரண்டு கலப்பின நாய்களும் பூமியைச் சுற்றி உயிரோடு திரும்பின. ஸ்திரெல்கா பின்னர் ஈன்ற குட்டிகளுள் ஒன்றான புஷிங்கா, 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடி குடும்பத்துக்குப் பரிசாக அனுப்பப்பட்டது. தெருவில் பிறந்த நாயின் குட்டி வெள்ளை மாளிகையில் வளர்ந்தது!

லைக்காவைத் தேர்ந்தவர்கள் மிகச் சரியாகவே தேர்ந்தார்கள். ஆனால் அதைப் பேணும் கடமையை ஏற்கவில்லை. நம் வீடுகளிலும் இதன் சிறு வடிவம் நிகழ்வதுண்டு. பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டியைத் தேர்ந்து வாங்குகிறோம். அடுத்த பிறந்தநாளில் அதற்கு வேறு இடம் தேடுகிறோம். பேணும் உறுதியில்லாத தேர்வு தோழமை ஆகாது.

அடுக்குமாடி வீடும் அளவுகோலும்

சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. கம்பங்களில் வாழ்ந்த மக்கள் படிப்படியாக அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். கம்பத்து வாசலில் படுத்திருந்த நாய்க்கு மின்தூக்கியில் இடமில்லை. கழக வீட்டில் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம். அதுவும் ஏற்கப்பட்ட 62 சிறு இனங்களுள் ஒன்றாகவோ அவற்றின் கலப்பாகவோ இருத்தல் வேண்டும். பொதுவாக 40 சென்டிமீட்டர் உயரமும் 10 கிலோகிராம் எடையும் வரம்புகளாகக் கொள்ளப்பட்டன. நெருங்கி வாழும் இடத்தில் இவ்வகைக் கட்டுப்பாடு தேவையே. எனினும், ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று மக்கள் அன்போடு அழைக்கும் உள்ளூர்க் கலப்பின நாய், பல தலைமுறைகளாக இத்தீவிலேயே பிறந்து வளர்ந்ததாயினும், அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

2012இல் ‘அடோர்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. விலங்குநல அமைப்புகளின் வழியாக உள்ளூர்க் கலப்பின நாய்களைக் கழக வீடுகளில் தத்தெடுக்க அது வழிசெய்தது. தொடக்கத்தில் 50 சென்டிமீட்டர் உயரமும் 15 கிலோகிராம் எடையும் வரம்புகளாயின. 2020இல் உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. எடை வரம்பு நீக்கப்பட்டது. நாய்க்குக் கருத்தடை செய்தல், நுண்சில்லு பொருத்துதல், உரிமம் பெறுதல், கீழ்ப்படிதல் பயிற்சி அளித்தல் ஆகியவை நிபந்தனைகள். தெரு நாய்களைக் கொல்வதற்கு மாற்றாக, அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து பேணும் தேசியத் திட்டமும் 2018 நவம்பரில் தொடங்கிற்று.

இம்மாற்றத்தின் உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. ‘எந்த இனம்?’ என்னும் கேள்வியின் இடத்தில், ‘பயிற்சி பெற்றதா? கருத்தடை செய்யப்பட்டதா? உரிமையாளர் பொறுப்புடையவரா?’ என்னும் கேள்விகள் வந்து அமர்ந்தன. குலத்தை விடுத்துக் குணத்தையும் ஒழுக்கத்தையும் நோக்கும் போக்கு இது.

தேர்ந்தெடுக்கும் முறை

அறிவியலும் இப்போக்கையே வலியுறுத்துகின்றது. 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்தனர். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் இடையே உள்ள நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. எனவே, இனப்பெயரைக் கொண்டு ஒரு நாயின் இயல்பை முன்கூட்டியே உரைத்தல் அரிது.

அதேபோது, கலப்பின நாய்க்கு நோயே வாராது என்று மிகைபடக் கூறுதலும் தவறு. 2013இல் கலிபோர்னியாவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு 24 பரம்பரைக் குறைபாடுகளை ஒப்பிட்டது. அவற்றுள் 10 குறைபாடுகள் தூய இன நாய்களிடம் மிகுந்திருந்தன. 13 குறைபாடுகளில் வேறுபாடு இல்லை. ஒன்று கலப்பின நாய்களிடம் மிகுந்திருந்தது. ஆகவே, கலப்பு சில நன்மைகளைத் தருமேயன்றி, காப்பீடு ஆகாது. 1989இல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், பார்வையற்ற ஒருவருக்கு வழிகாட்டும் பொருட்டு லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். அதன்பின் இத்தகைய கலப்புகள் நாகரிகமாகி, கொழுத்த விலைக்கு விற்கப்படலாயின. அதனைக் கண்டு அவரே பிற்காலத்தில் வருந்தினார். புதுப்பெயர் சூட்டிய கலப்புக்கு மிகுபொருள் கொடுப்பதும் சாதி நாய் தேடுவதன் மறுவடிவமே.

இனி, சிறு கலப்பின நாயைத் தேர்வோர் கருதத்தக்கவற்றைக் காண்போம். முதலில் ஆராய வேண்டியது நாயை அன்று, நம்மை. சிறு நாய் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடும். இன்று தொடக்கப் பள்ளியில் பயிலும் பிள்ளை பல்கலைக்கழகம் செல்லும்போதும் அது வீட்டில் இருக்கும். நாள்தோறும் காலையும் மாலையும் அதனை நடத்திச் செல்பவர் யார்? மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? வெளியூர் சென்றால் பார்த்துக்கொள்பவர் யார்? இவற்றுக்கு வீட்டார் அனைவரும் ஒருமனதாக விடை கூறிய பின்னரே அடுத்த அடி எடுத்து வைத்தல் நன்று.

இரண்டாவது, அண்டை வீட்டாரை எண்ணுதல். பல்லின மக்கள் சேர்ந்து வாழும் நம் நாடுகளில், நாயின் ஈர மூக்கும் உமிழ்நீரும் பட்டால் இசுலாமிய அன்பர்கள் சமய முறைப்படி தூய்மை செய்துகொள்ள வேண்டியிருக்கும். மின்தூக்கியிலும் நடைபாதையிலும் வாரைக் குறுக்கிப் பிடித்து ஒதுங்கி நிற்பது பண்பாடு. ஓயாது குரைக்கும் சிறு நாய், அமைதியான பெரிய நாயைவிட அண்டை வீட்டார்க்குத் தொல்லையாகும்.

மூன்றாவது, வயது. குட்டியே வேண்டும் என்று பலரும் விரும்புவர். கலப்பினக் குட்டி வளர்ந்தால் எவ்வளவு உயரமாகும் என்பதை உறுதியாகக் கூற இயலாது. உயர வரம்புள்ள வீட்டில் இது பெருஞ்சிக்கலாகும். காப்பகத்தில் உள்ள வளர்ந்த நாயின் உருவமும் இயல்பும் கண்கூடு. குட்டியையே எடுப்பதாயின், எட்டு வாரத்துக்கு முன்பு தாயிடமிருந்து பிரித்தல் கூடாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையுள்ள பருவமே குட்டி பிறரோடு பழகக் கற்கும் பருவம் என்று நிறுவினர். அப்பருவத்தில் மனிதரையும் ஓசைகளையும் அமைதியாக அறிந்த குட்டி, பிற்காலத்தில் அச்சமின்றி வாழும்.

நான்காவது, நேரில் காணல். ஒரே நாளில் முடிவு செய்யாமல் இருமுறையேனும் சென்று பார்த்தல் வேண்டும். கண்கள் தெளிவாகவும், காதுகள் நாற்றமின்றியும், ஈறுகள் இளஞ்சிவப்பாகவும் உள்ளனவா? நடையில் நொண்டல் உண்டா? தரையில் பக்கவாட்டாக அமர்ந்து, கையை நீட்டாமல் காத்திருங்கள். தானே மெல்ல நெருங்கி வந்து முகரும் நாய் வீட்டுக்கு ஏற்றது. மூலையில் நடுங்கும் நாயும் தகுதியற்றதன்று; ஆனால் அதற்குப் பொறுமையும் பட்டறிவும் உடையவர் தேவை.

பேணும் முறை

இவ்விடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைக் கூறாமல் இருத்தல் நேர்மையாகாது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், மழையில் நனைந்து கிடந்த ஒரு சிறு கலப்பினக் குட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மணி என்று பெயரிட்டேன். தடுப்பூசி போட வேண்டும் என்று நண்பர் எச்சரித்தார். அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் மணியின் கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்தது, இருமல் கண்டது, பின்னர்க் கால்கள் இழுத்துக்கொண்டன. டிஸ்டெம்பர் என்று மருத்துவர் கூறினார். இரண்டு வாரத்தில் மணி என் மடியிலேயே இறந்தது. ஓபர்காசல் குட்டியைப் பற்றிப் பல்லாண்டு கழித்துப் படித்தபோது, நெடுநேரம் நூலை மூடி வைத்துவிட்டேன். மருந்தே இல்லாத காலத்து மனிதர்கள் அதே நோயோடு போராடித் தம் குட்டியைக் காத்து நின்றார்கள். தடுப்பூசி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் நான் காக்கவில்லை.

ஆகவே, பேணலில் முதலிடம் தடுப்பூசிக்கே. டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கு எதிரான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர்தல் வேண்டும். எலியின் சிறுநீரால் பரவும் நோய்க்கான ஊசியும் நம் பகுதிக்குத் தேவை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை, வாழும் இடத்துக்கேற்ப மருத்துவர் அறிவுரைப்படி போடுதல் வேண்டும்.

அடுத்து, நம் வெப்பமண்டலத்துக்கே உரிய இரண்டு பகைகள். ஒன்று உண்ணி, அது குருதியைக் கெடுக்கும் உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும். புல்வெளியில் நடந்து வந்த பின் காதுமடலையும் விரலிடுக்கையும் தடவிப் பார்த்தல் வேண்டும். மற்றொன்று கொசு, அது இதயப்புழுவைப் புகுத்தும். மாதந்தோறும் தரப்படும் தடுப்பு மருந்தால் அதனைத் தவிர்க்கலாம். வந்தபின் தீர்ப்பதோ கடினம்.

உணவில் நாம் அறியாமற் செய்யும் பிழை ஒன்று உண்டு. மீந்துபோன சாம்பாரும் குழம்பும் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைப்பது நம் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சிற்றுடலுக்குச் சிறு அளவே தீங்காகும். சாக்லெட், திராட்சை, உலர்திராட்சை, சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேரும் சைலிட்டால் ஆகியவையும் நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். சமச்சீரான நாய் உணவை அளந்து, நாளைக்கு இருவேளை தருதலே போதும். சிறு நாய்க்கு அரைக் கிலோகிராம் மிகுவதும் மூட்டுக்குச் சுமையாகும்.

சிறு நாய்க்கெனத் தனிக்கவனம் வேண்டுவன சில உண்டு. அதன் சிறிய தாடையில் பற்கள் நெருங்கியிருப்பதால் பற்காறை விரைவில் படியும். ஆதலின் நாள்தோறும் பல் துலக்கிவிடுதல் நன்று. கழுத்துப்பட்டையை இழுத்தால் மென்மையான மூச்சுக்குழல் நசுங்கக்கூடும், மார்புவாரே ஏற்றது. உயர்ந்த நாற்காலியிலிருந்து குதித்தால் முழங்காற் சில்லு நழுவலாம். நாய் நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்கும். நண்பகல் நடை கூடாது. தார்ச்சாலையில் நம் புறங்கையைச் சில நொடி வைத்துப் பார்த்தல் வேண்டும். நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

பயிற்சியில் அடிக்கு இடமில்லை. நல்ல செயலை அந்நொடியே பாராட்டிச் சிறு தின்பண்டம் தருவது, ஆயிரம் அதட்டலினும் பயன் தரும். இதனை ஆசிரியர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை! கருத்தடை செய்தலும் பேணலின் ஒரு பகுதியே. வேண்டாத குட்டிகள் பிறந்து தெருவில் விடப்படுவதை அதுவே தடுக்கும்.

முடிவுரை

நாயின் வரலாறு நமக்கு மூன்று செய்திகளைக் கூறுகிறது. தோழமை பழையது, சான்றிதழ் புதியது. அச்சத்தை வென்றது கொலைக் கருவி மட்டுமன்று. தடுப்பூசியும் பொறுப்புணர்வும் ஆகும். தேர்ந்தெடுத்தல் ஒரு நாள் வேலை; பேணல் பதினைந்து ஆண்டுக் கடமை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் ‘சாதி நாய்’ என்னும் சொல் எழுமாயின், கேட்ட பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டா. அச்சொல்லின் வரலாற்றை எடுத்துரைப்போம். பதிவுபெற்ற இன நாய் என்றும் கலப்பின நாய் என்றும் கூறத் தமிழில் சொற்கள் உள்ளன. மாணவச் செல்வங்களே, நாயைப் பற்றிக் கேட்க வேண்டுமானால், அதன் பெயரைக் கேளுங்கள். அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

அன்று தலைகுனிந்த அம்மாணவியிடம் மறுநாள் நான் கேட்டதும் அதுவே. தன் நாயின் பெயரை அவள் சொன்னாள்; தடுப்பூசி அட்டையை மறுநாளே கொண்டுவந்து காட்டினாள். அதில் ஒரு தவணையும் விடுபடவில்லை.